சங்கு ஊதும் வரை

ஹாதர்பெக் குவாரியில் புது எச்சரிக்கைச் சங்கைக் கொண்டுவந்து மாட்டியபோது க்ளெம் ஆம்ப்ளர் அங்கே இல்லை. நெஞ்சுக் கோளாறில் வீட்டோடு படுத்துக் கிடந்தான். விவரம் தெரிந்த நாளிலிருந்து சுண்ணாம்புக்கல் தூசியைத் தின்ற நுரையீரல். ஒவ்வொரு குளிர்காலமும் மக்கர் பண்ணும். இந்தத் தடவை மார்ச் பிறந்தும் விடவில்லை. டாக்டர் வந்து முதுகில் தட்டிப் பார்த்தார். வெளியே வந்து க்ளெமின் மனைவி ஹெட்டியிடம், "குவாரிய விட்டுட்டா நல்லதும்மா" என்று தணிந்த குரலில் சொன்னார். விட்டுவிட்டு என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் படுத்திருந்தவன் காதில் அது விழுந்தது.

கொஞ்சம் எழுந்து நடமாட முடிந்ததும், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பப் வரைக்கும் போய் ஒரு கிளாஸ் பீரோடு உட்கார்ந்தான். உடம்பு எப்படி இருக்கிறது என்று யாரோ கேட்டார்கள். "இருமி இருமிச் சாகறதுக்கு, தலையில ஒரு கல்லு விழுந்தாத் தேவல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவனுடைய அண்ணன் ஏமோஸ்கூடச் சிரித்தான். ஆனால் அந்தப் பேச்சை ஒருவர் விடாமல் ஞாபகம் வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

குவாரியில் வெடி வைப்பது ஏமோஸின் வேலை. பாறையில் துளை போட்டு, மருந்தை அடைத்து, கம்பியை இழுத்துக்கொண்டு வந்து, மேட்டில் இருக்கும் கல்கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து கைப்பிடியை அழுத்துவான். அதற்கு முன்னால் தொண்டை கிழிய மூன்று தடவை கத்துவான், சிவப்புத் துணியை ஆட்டுவான். கல்லுடைக்கும் இயந்திரம் ஓடும் இரைச்சலில் கத்தல் பாதிப்பேர் காதில் விழாது. மூடுபனி நாளில் துணியும் தெரியாது. போன வருடம் ஒரு லாரிக்காரருக்குச் சில்லு தெறித்து ஒரு கண் போயிற்று.

புதிதாக வந்த மேனேஜர் பெட்டிஃபருக்கு இதைக் கேட்டதும் பதறிப்போயிற்று. லண்டனுக்கும் தெற்கே, கென்ட் பக்கத்து ஆள். போரில் ராணுவத்துக்குப் பாலம் கட்டிக் கொடுத்தவர். மெலிந்த உருவம், எப்போதும் துடைத்த ஷூ. வந்ததிலிருந்து அவர் பேசுவதைப் போலப் பேசிக் காட்டுவது பப்பில் ஒரு பொழுதுபோக்காகியிருந்தது. ஆனால் மனிதர் கெட்டவர் அல்ல. ஆட்களின் உயிரைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் மேனேஜர் அவர்தான். போர்க்காலத்துச் சங்கு ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்து கொட்டகைக் கூரையில் மாட்டினார். இனிக் கத்தலும் துணியும் வேண்டாம் என்றார். ஆட்களைக் கூட்டி ஒரே ஒரு கட்டளை போட்டார்:

"சங்கு ஊதும் வைல் யாரும் பள்ளத்தில் இறங்கக் கூடாது."

அந்த 'வைல்' (while) என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். யார்க்‌ஷயரின் அந்த மூலையில் அதற்கு 'வரை' என்று அர்த்தம். மெட்காஃபின் கசாப்புக் கடை ஒன்பது மணி வைல் ஐந்தரை மணி திறந்திருக்கும். "அப்பா வர்ற வைல் தட்டுல கை வைக்காத" என்று தாய் சொன்னால், அப்பா வரும்வரை பிள்ளை பட்டினியாக உட்கார்ந்திருக்கும். செவ்வாய்க்கிழமை வைல் வரமாட்டேன் என்றவன் செவ்வாய்க்கிழமை வந்து நிற்பான். அதே சொல் பள்ளிப் புத்தகத்திலும் வானொலியிலும் 'போது' என்று வரும். கொஞ்ச நேரம் என்றும் வரும். பொழுதைக் கழிப்பதற்கும் அதே சொல்தான். எந்த இடத்தில் எது என்று ஊர்க்காரர்கள் யோசிப்பதில்லை. நாக்கும் காதும் தாமாகவே பார்த்துக்கொள்ளும். பெட்டிஃபரின் ஊரில் 'வரை' என்ற அர்த்தம் மட்டும் கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாக அவர் கேள்விப்பட்டதும் இல்லை.

அன்று கூடியிருந்த ஆட்களுக்கு ஒரு குழப்பமும் வரவில்லை. காரணம், கட்டளையைப் போட்ட கையோடு அவர் சங்கை ஊதிக் காட்டினார், ஏமோஸ் வெடியை வெடித்துக் காட்டினான். சங்கு ஊதினால் வெடி என்று கண்ணால் பார்த்தாயிற்று. அவர் என்ன வார்த்தையில் சொன்னார் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

க்ளெம் மறுபடி வேலைக்குப் போன திங்கட்கிழமை, பெட்டிஃபர் அவனை நுழைவாயிலிலேயே நிறுத்தி நலம் விசாரித்தார். முதல் நாள் கடினவேலை வேண்டாம், மேலேயே கல் அடுக்கு, நாளைக்குக் காலையில் கிழக்குப் பள்ளத்தில் போய்ப் பெரிய கற்களை உடைக்கலாம் என்றார். பிறகு முக்கியமான விஷயத்துக்கு வந்தார்.

"கவனமாக் கேளுங்க ஆம்ப்ளர். சங்கு ஊதும் வைல் பள்ளத்துல இறங்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க. சங்கு ஊதும் வைல் எறங்கக் கூடாது."

"சரியாச் சொன்னீங்க."

திரும்பச் சொல்லவைப்பது ராணுவத்தில் அவர் கற்ற பழக்கம். சொன்னதை அப்படியே, எழுத்துப் பிசகாமல், க்ளெம் திரும்பச் சொன்னான். இருவருக்கும் திருப்தி. க்ளெம் கல் அடுக்கப் போனான். அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டதால் வெடி வைக்கவில்லை. சங்கும் ஊதவில்லை.

மாலை சாப்பாட்டின்போது க்ளெம் புலம்பினான். ஹெட்டி வெங்காயமும் ஈரலும் வதக்கி வைத்திருந்தாள். அவன் பிடித்துத்தான் சாப்பிட்டான்.

"புது மேனேஜர் சட்டத்தப் பாத்தியா. சங்கு ஊதற வைல் கீழ எறங்கக் கூடாதாம். நாளைக்குப் பாதிக் காலைப்பொழுது மேட்டுல தேவுடு காக்கணும், பாரு. குளிர்ல."

"அவரு நில்லுன்னா நில்லேன். ஒடம்புக்கு நல்லதுதான? சங்கு ஊதினப்பறம் எறங்கு. அதுக்கு முன்னாடி காலை வெச்சு வேலைய போக்கிக்காத."

"ஆமாமா. நீயே மேனேஜராப் போயிரு, புள்ள" என்று அவன் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவள் எழுந்து முதுகைத் தடவிவிட்டாள். சங்கைப் பற்றிய பேச்சு அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை, கிழக்குப் பள்ளத்துக்கு இறங்கும் பாதையின் தலைப்பில் க்ளெம் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆற்றுக்கு அந்தப்பக்கத்துக் குவாரியில் சீக்கிரமே ஒரு வெடி வெடித்தது. அதன் அதிர்வு குன்றைத் தாண்டி வரும், எங்கே வெடித்தது என்று சொல்வது கடினம். தங்கள் பள்ளத்தில் வெடித்தாயிற்று என்று அவன் எண்ணியிருக்க வேண்டும். இனிச் சங்குதான் பாக்கி. போர்க்காலத்தில் அந்த நாட்டுச் சங்குகள் ஏறி இறங்கி ஓலமிட்டால் எதிரி விமானம் வருகிறது என்று பொருள். ஒரே சீராக நீட்டி ஊதினால் ஆபத்து விலகியது, வெளியே வரலாம். பெட்டிஃபர் மாட்டிய சங்கு ஒரே சீராகத்தான் ஊதியது.

ஊதத் தொடங்கியதும் க்ளெம் எழுந்தான். சிகரெட்டை நசுக்கி அணைத்து, மிச்சத்தைக் காதில் செருகிக்கொண்டான். சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். எதிர்மேட்டில் லாரியைத் திருப்பிக்கொண்டிருந்த ஓட்டுநர் பார்த்துவிட்டுக் கத்தினார், கையை ஆட்டினார். சங்கின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. க்ளெம் அவரைப் பார்த்து, யாரோ வணக்கம் சொல்கிறார்கள் என்பதுபோல் ஒரு கையை உயர்த்திவிட்டு நடந்தான்.

கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஏமோஸுக்குப் பள்ளம் தெரியாது. சங்கு நின்றது. அவன் கைப்பிடியை அழுத்தினான்.

---

ஹெட்டியிடம் சொல்ல ஏமோஸே வந்தான். தலை முதல் கால் வரை வெள்ளைத் தூசி. கண் இரண்டும், வாயும் மட்டும் சிவப்பாகத் தெரிந்தன. வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"க்ளெம் போயிட்டான்" என்றான்.

அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். எங்கே போனான் என்று கேட்க வாயெடுத்தவள், அவன் உள்ளே வராமல் நிற்பதைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"நான் வெச்ச வெடி" என்றான் ஏமோஸ். "அவன் எறங்கினத லாரிக்காரன் பாத்திருக்கான். சங்கு ஊதிட்டிருக்கு, இவன் பாட்டுக்கு நடந்து போயிருக்கான். ஓடல, தடுமாறல. கைய வேற ஆட்டியிருக்கான்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு நீதான் சொல்லணும். அன்னிக்குப் பப்புல சொன்னானே, ஒனக்குத் தெரியுமா? கல்லு விழுந்தாத் தேவலன்னு. கல்லு விழறதுக்கு என் கைதான் கெடச்சுதா அவனுக்கு? ஒரு கயித்துல தொங்கியிருக்கலாம்ல, ஆத்துல விழுந்திருக்கலாம்ல? கூடப்பொறந்தவன் கையாலயா?"

கத்திவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். அவள் அவன் பக்கத்தில் போய் நிற்கக்கூட முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தாள்.

ஊர் முழுக்க அதே பேச்சுதான். யாரும் அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ரொட்டி கொண்டுவந்து வைத்தவர்களும், அடுப்பு மூட்டிக் கொடுத்தவர்களும் "பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டான்" என்றார்கள். அந்தக் 'கஷ்டப்பட்டான்' என்பதற்குள் எல்லாம் இருந்தது. தற்கொலை அந்நாளில் அங்கே குற்றம். செத்தவன் குற்றவாளியாகத்தான் போவான். சபைப் போதகர் வந்து அடக்கத்தைப் பற்றிப் பேசினார். விசாரணை முடியட்டும், பிறகு நாள் குறிக்கலாம் என்று சொல்லும்போது அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

ஹெட்டியும் நம்பினாள். அதுதான் அவளை உள்ளுக்குள் அரித்தது. அன்று காலை அவன் கிளம்பியதைத் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டிப் பார்த்தாள். ஷூ லேஸ் கட்டும்போது பெருமூச்சு விட்டானா? எப்போதும் விடுவான். கதவருகே திரும்பிப் பார்த்தானா? பார்க்கவில்லை, மழை நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னான். டாக்டர் சொன்னதை அவன் கேட்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு தடவையாவது அவனிடம் பேசியிருக்கலாம். பேசவில்லை. ஒரே கட்டிலில் படுத்தவன் மனதில் இப்படி ஒன்று இருந்ததைத் தெரிந்துகொள்ளாத பெண்டாட்டி நான் என்று அவள் தன்னையே ஏசிக்கொண்டாள். அவன்மேல் கோபமும் வந்தது. ஈரலை அத்தனை ருசித்துச் சாப்பிட்டானே, பாவி.

---

சாவு விசாரணை வாசகசாலை மாடியில் நடந்தது. பில்லியர்ட்ஸ் மேசைமேல் துணியை விரித்து அதற்குப் பின்னால் விசாரணை அதிகாரி உட்கார்ந்தார். நரைத்த, நிதானமான வக்கீல். யார்க் நகரத்திலிருந்து வந்தவர். பக்கத்தில் ஊர்க்காரர்கள் ஜூரிகளாக இரண்டு வரிசை; கசாப்புக் கடை மெட்காஃப் அவர்களுக்குத் தலைவர். ஹெட்டி முன்வரிசையில் கறுப்புக் கோட்டோடு இருந்தாள். ஏமோஸ் அவளுக்குப் பக்கத்து நாற்காலியை விட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தான்.

டாக்டர் நுரையீரலைப் பற்றிச் சொன்னார். லாரி ஓட்டுநர் தான் பார்த்ததைச் சொன்னார்.

"சங்கு எவ்வளவு நேரம் ஊதியது?" என்று அதிகாரி கேட்டார்.

"வழக்கம்போலத்தாங்க. ஒரு ரெண்டு, மூணு நிமிஷம். அவ்வளவுதான் எப்பவும்."

"அவர் அவசரப்பட்டாரா? பயந்ததாகத் தெரிந்ததா?"

"இல்லீங்க. சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போறவன் மாதிரி போனான்." ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டார். "நல்ல மனுஷன்யா."

பிறகு பெட்டிஃபர் எழுந்தார். முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் தெளிவாகப் பேசினார்.

"முந்தின நாள் நானே அவரிடம் நேரில் சொன்னேன். 'சங்கு ஊதும் வைல் பள்ளத்துல இறங்கக் கூடாது' என்று. அதை அவர் வாயாலேயே திரும்பச் சொன்னார். ஒரு வார்த்தை மாறவில்லை. அவருக்குப் புரியவில்லை என்று நான் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தால் நன்றாயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்."

அறையில் யாரோ இருமினார்கள். அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார்.

ஹெட்டிக்கு முதலில் உறைத்தது க்ளெமின் குரல்தான். அந்த வாக்கியத்தை அவள் ஏற்கெனவே கேட்டிருந்தாள், ஈரல் தட்டுக்கு முன்னால். சங்கு ஊதற வைல் எறங்கக் கூடாதாம். அதோடு நிற்கவில்லையே அவன். பாதிக் காலைப்பொழுது மேட்டுல தேவுடு காக்கணும், குளிர்ல. பாதிக் காலைப்பொழுதா? சங்கு இரண்டு மூன்று நிமிடம்தான் ஊதும் என்று இப்போதுதானே அந்த லாரிக்காரர் சொன்னார்? மூன்று நிமிடத்துக்கா க்ளெம் அப்படிப் புலம்பினான்?

அவன் எதற்காகக் காத்துக்கொண்டிருந்தான் என்று தெரிந்துபோயிற்று. அதே நொடியில், தான் என்ன பதில் சொன்னோம் என்பதும் நினைவுக்கு வந்தது.

அவன் புலம்பிய முதல் பாதியை மட்டும் சொல்லலாம். மற்றதைக் கேட்டவர்கள் யாரும் இல்லை. அடுப்படியில் அவளும் அவனும் மட்டும்தான் இருந்தார்கள்.

எழுந்து நின்றாள். "நான் ஒண்ணு சொல்லணும்."

"உங்களைப் பிறகு கூப்பிடுவேன், மிசஸ் ஆம்ப்ளர்."

"இப்பவே சொல்லணுங்க. இல்லேன்னா என்னால முடியாமப் போயிரும்."

அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டுத் தலையசைத்தார். அவள் சொன்னாள். க்ளெம் புலம்பியதைச் சொன்னாள், பாதிக் காலைப்பொழுது என்றதைச் சொன்னாள். "அவரு சங்குக்காகக் காத்திட்டிருந்தாருங்க. சங்கு ஊதினாத்தான் எறங்கலாம்னு. மேனேஜர் அப்படித்தான சொன்னாரு?"

"நான் அதற்கு நேர்மாறாகச் சொன்னேன்" என்றார் பெட்டிஃபர். அவர் குரலில் கோபம் இல்லை. ஒன்றும் விளங்காத திகைப்புதான் இருந்தது.

"இல்லீங்களே. ஊதற வைல் எறங்காதேன்னுதான சொன்னீங்க."

"ஆமாம்."

"அதத்தாங்க அவரும் செஞ்சாரு!"

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஜூரி வரிசையில் ஒரு சலசலப்பு. மெட்காஃப் தன் கனத்த உடம்பைத் தூக்கி எழுந்து நின்றார்.

"ஐயா, நாங்க இங்க அப்படித்தான் பேசுவோம். என் கடை ஒம்போது வைல் அஞ்சரை. ஒம்போதுலேருந்து அஞ்சரை வரைக்கும்." பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்கள். மெட்காஃப் சிரிக்கவில்லை. "க்ளெமுக்கு அந்தச் சொல் காதுல எப்படி விழுந்திருக்கும்னு இந்த ரூம்ல எங்க யாரையும் கேக்க வேண்டியதில்ல. இதுவரைக்கும் எங்களுக்கே தோணாமப் போச்சு, அதுதான் கொடுமை."

பெட்டிஃபர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "மற்றவர்கள் எல்லாருக்கும் புரிந்ததே" என்றார் மெதுவாக. "நாற்பது பேருக்குப் புரிந்தது."

"ஏமோஸ் ஆம்ப்ளர்" என்று அதிகாரி கூப்பிட்டார். "அந்தக் கட்டளையை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?"

ஏமோஸ் எழுந்து நின்றான். "நான் எங்கங்க புரிஞ்சுகிட்டேன்? மொத நாளு சங்கு ஊதிச்சு, நான் வெடிச்சேன். எல்லாரும் பாத்தாங்க. அவன் அன்னிக்கு இல்ல." உட்காரப் போனவன் மறுபடி நிமிர்ந்தான். "அவன் அன்னிக்குப் படுத்திருந்தான்."

ஹெட்டி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"நான் முடிக்கலீங்க" என்றாள். "அவரு அப்படிச் சொன்னதும் நான் என்ன சொன்னேன் தெரியுங்களா. சங்கு ஊதினப்பறம் எறங்கு, அதுக்கு முன்னாடி எறங்கி வேலைய போக்கிக்காதன்னேன். நான்தாங்க சொன்னேன். எனக்கும் அப்படித்தான் காதுல விழுந்துது."

அதிகாரி பேனாவை மேசைமேல் வைத்தார். பிறகு, "உட்காருங்கள், அம்மா" என்றார்.

விபத்துச் சாவு என்று ஜூரிகள் சொன்னார்கள். யாரும் வெளியே போய்க் கலந்து பேசக்கூட இல்லை. யார் மீதும் குற்றம் இல்லை என்று மெட்காஃப் சேர்த்துச் சொன்னார். சொல்லும்போது அவர் கண் ஹெட்டி மேலும் இல்லை, பெட்டிஃபர் மேலும் இல்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

---

வாசகசாலைப் படிக்கட்டில் ஏமோஸ் அவளை வழிமறித்தான். தன் கையை அவன் பிடிப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"அப்ப நீதான் அனுப்பிவெச்சியா?"

"ஏமோஸ்..."

"என் தம்பி தானாப் போய் சாகல. சரி. அது எனக்கு வேணும், அதுக்கு ஒனக்குப் புண்ணியமாப் போகட்டும். ஆனா எறங்கு எறங்குன்னு நீ சொல்லியிருக்க. நான் அழுத்தியிருக்கேன். ரெண்டு பேரும் சேந்து நல்லா முடிச்சுட்டோம் அவன."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒனக்கும் தெரியல, எனக்கும் தெரியல, அந்தத் தெக்கத்தியானுக்கும் தெரியல. செத்தவன் மட்டும் செத்துட்டான்" என்றான் ஏமோஸ். தொப்பியை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனான்.

அடக்கத்தன்று சவப்பெட்டியின் முன்பக்கத்தை அவன்தான் தூக்கினான். ஊர் மொத்தமும் வந்தது, தேவாலயத்தில் இடம் இல்லை. ஒரு வாரமாக ஒருமாதிரி பேசியவர்கள் எல்லாரும் உரக்கப் பாடினார்கள். ஹெட்டிக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. அவளும் அதைத்தானே நம்பினாள். மண்ணைப் போட்டு முடித்ததும் ஏமோஸ் அவளிடம் வராமல் மறுபக்கம் வழியாகப் போய்விட்டான்.

பெட்டிஃபர் அவளைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். மழைக்கோட்டு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வரச் சொன்னாள்; அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"இப்ப பாதைக்குக் குறுக்க ஒரு தடுப்புக் கம்பி போட்டிருக்கேன்" என்றார். "பக்கத்துல ஒரு ஆள். அவன் தூக்கி விட்டாத்தான் இறங்க முடியும். வார்த்தையே வேண்டாம்னு வெச்சிட்டேன்."

"நல்லதுங்க."

"நான் அவர்கிட்ட எவ்வளவு தெளிவாச் சொன்னேன் தெரியுமா, மிசஸ் ஆம்ப்ளர்? ஒருத்தருக்குச் சொன்னா அவர் வாயால திரும்பக் கேக்கணும்னு எங்களுக்கு அடிச்சு அடிச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. போர்ல எத்தனையோ பேரை அது காப்பாத்தியிருக்கு. நான் கேட்டேன். அவரும் சொன்னார். அதுக்கு மேல நான் என்ன பண்ணியிருக்க முடியும்? நீங்களே சொல்லுங்க."

அவர் கேட்டது உண்மையான கேள்வி என்று அவளுக்குத் தெரிந்தது. ஒன்றும் பண்ணியிருக்க முடியாது என்று அவள் சொன்னால் போதும். அந்த மனிதர் இன்றைக்குப் போய்ப் படுத்துத் தூங்குவார். அது பொய்யும் அல்ல. ஆனால் அவளுக்கு அதே வார்த்தையைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

"மழை வலுக்கறதுக்கு முன்னாடி கிளம்புங்க" என்றாள்.

அவர் எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு போனார். இலையுதிர் காலத்துக்கு முன்பே வேலையை விட்டுத் தெற்கே போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டாள். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாமோ என்று பலநாள் நினைத்துக்கொண்டாள். சொல்லியிருக்க வேண்டாம் என்றும் சில நாள் நினைத்தாள்.

ஏமோஸ் வெடி வேலையை விட்டான். ரயில் தண்டவாளத்தில் கூலிக்குப் போனான். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் தலையைத் திருப்பிக்கொள்வான். ஹெட்டி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நாள் முழுக்க ஆவியும் சோடா நெடியும். கூட வேலை செய்த பெண்கள் வாய் ஓயாமல் பேசுவார்கள். அவள் பேசுவது குறைந்துபோயிற்று. பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை நிறுத்தி யோசிக்கும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டிருந்தது. மந்தமாகிவிட்டாள் என்று அவர்கள் நினைத்தார்கள்.

அடுத்த வருடம் வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏமோஸ் கதவைத் தட்டினான். முடி நன்றாக நரைத்திருந்தது. அவள் ஒன்றும் கேட்காமல் கெட்டிலை அடுப்பில் வைத்தாள்.

"ஆஸ்திரேலியாவுக்குப் போறேன்" என்றான். "அங்க ஆள் எடுக்கறாங்க. கோதுமைப் பண்ணையில."

"தனியாவா?"

"வேற யார் இருக்கா எனக்கு?" தேநீரை ஊதிக் குடித்தான். போர்க்காலத்துச் சர்க்கரை ரேஷன் இன்னும் நீக்கப்படவில்லை. தன் பங்கிலிருந்து அவள் அவனுக்கு இரண்டு கரண்டி போட்டிருந்தாள். அதை அவன் கவனித்தான். "ஹெட்டி, விசாரணை முடிஞ்ச அன்னிக்கு நான் வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். அது வரைக்கும் கண்ண மூடினா அவன் கைய ஆட்டிட்டு எறங்கறதுதான் தெரியும். அன்னிக்குத் தூங்கினேன். ஒன்ன அவ்ளோ பேசிட்டு வந்து, குழந்த மாதிரித் தூங்கினேன். நீ வாயத் தொறக்கலேன்னா எனக்கு அது கெடச்சிருக்காது."

அவள் அவன் கோப்பையை மறுபடி நிரப்பினாள்.

"ரெண்டாவது பாதிய நீ சொல்லாம விட்டிருக்கலாம். எவனுக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்கும்."

"ஆமா."

"ஏன் சொன்ன?"

அவள் யோசித்தாள். "அவரு என்கிட்ட கடைசியாப் பேசினது அது" என்றாள். "அதுல பாதிய வெட்டிட்டா எனக்கு என்ன மிஞ்சும்?"

ஏமோஸ் தலையாட்டினான். மன்னிப்பு என்று அவனும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. ரொட்டியில் இறைச்சி வறுத்த கொழுப்பைத் தடவிக் கொடுத்தாள். அவன் இரண்டு துண்டு சாப்பிட்டான். ஊர்ச்செய்தி கொஞ்சம் பேசினார்கள். கிளம்பும்போது வாசலில் நின்று, தயங்கி, அவள் தோளில் கையை வைத்தான்.

"போய்ச் சேந்ததும் எழுதறேன்" என்றான்.

அவன் திருப்பத்தில் மறைந்ததும் அவள் உள்ளே வந்து கோப்பைகளைக் கழுவினாள். மறுநாள் காலை முதல் ஷிப்ட். வேலைக்குப் போடும் மேலங்கியை எடுத்து அடுப்பின் முன்னால் காயப் போட்டுவிட்டு, விளக்கை ஏற்றாமல் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.